வருந்தாதவன் ஏன் ஒப்புக்கொண்டான்? ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் குற்றவுணர்வும் வாக்குமூலமும்

கொலை வழக்கில் ஒருவர் தாமாகவே வந்து சரணடைந்தால், மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘மனசாட்சி உறுத்தியதால் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.’ அதைப் படிப்பவர்களில் யாரேனும் ஒருவர் உடனே ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை இழுப்பார். கொன்றவனைச் சட்டம் பிடிப்பதற்கு முன்பே மனசாட்சி பிடித்துவிட்டது என்பதுதான் அந்த நாவலைப் பற்றிப் பரவியிருக்கும் சுருக்கம்.

நாவலைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். சரணடையப் போகும் அதே மாலையில், கொலை செய்த நாயகன் ரஸ்கோல்னிகோவ் தன் தங்கை துன்யாவிடம் சீறுகிறான்: குற்றமா, எந்தக் குற்றம்? ஏழைகளை உறிஞ்சிய ஒரு பேனைக் கொன்றதா குற்றம்? சைபீரியச் சிறையில் மாதக்கணக்கில் கிடந்த பிறகும் அவன் பேச்சு மாறவில்லை. தாங்க மாட்டாமல் போய் ஒப்புக்கொண்டேனே, அது ஒன்றுதான் என் தவறு என்கிறான். வருந்தாத ஒருவன் எதற்காக ஒப்புக்கொண்டான்? விடை நாவலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது அந்தப் பரவலான சுருக்கத்தோடு ஒத்துப்போகவில்லை.

கதை, தேவையான அளவுக்கு

1866ஆம் ஆண்டு முழுவதும் ஒரு ரஷ்ய மாத இதழில் தொடராக வந்த நாவல் இது. படிப்பை நிறுத்திவிட்ட சட்டக் கல்லூரி மாணவன் ரஸ்கோல்னிகோவ், வயது 23. பீட்டர்ஸ்பர்க்கில் புழுங்கும் ஒரு ஜூலை மாதம். அடகுக்கடைக் கிழவி அல்யோனா இவானோவ்னாவைக் கோடாரியால் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவளுடைய மாற்றாந்தாய் வழித் தங்கை லிஸவேதாவையும் கொல்கிறான். திருடிய நகைகளையும் பணப்பையையும் ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைக்கிறான். பையில் எவ்வளவு இருந்தது என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. 317 ரூபிளும் 60 கோபெக்கும் இருந்தன என்பது விசாரணையின்போதுதான் தெரிய வருகிறது. அதற்குள் ஈரத்தில் மேல் நோட்டுகள் மக்கியிருந்தன.

கொலைக்கு முன்பே அவன் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். மனிதர்களில் சாதாரணர், அசாதாரணர் என்று இரண்டு வகை. நெப்போலியனைப் போன்ற அசாதாரணருக்கு, தம் நோக்கம் கேட்டால், இரத்தத்தைத் தாண்டிச் செல்லவும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். இந்த ‘தாண்டுதல்’ முக்கியம். தலைப்பில் உள்ள ‘குற்றம்’ என்பதற்கான ரஷ்யச் சொல் பிரெஸ்துப்லேனியே. அதன் வேர்ப்பொருள் எல்லையைத் தாண்டி அடியெடுத்து வைத்தல். தமிழில் ‘அத்துமீறல்’ என்கிறோமே, அத்து என்றால் எல்லை; கிட்டத்தட்ட அதே படம். தாண்டும் துணிவு தனக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவனுடைய சோதனை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது: ஒன்றாகக் கலந்துவிட்ட நான்கு சொற்கள்

1. குற்றவுணர்வு: ‘நான் இதைச் செய்துவிட்டேனே’ என்ற வேதனை. கவனம் செயலின் மீதும், அந்தச் செயலால் அடிபட்டவர் மீதும் இருக்கும்.

2. அவமான உணர்வு: ‘நான் இவ்வளவுதானா’ என்ற வேதனை. கவனம் தன் மீதே இருக்கும். இந்த வேறுபாட்டை அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இல் வெளிவந்த நூலில் விரிவாக வகுத்தார். குற்றவுணர்வு சரிசெய்யத் தூண்டும், அவமானம் ஒளிந்துகொள்ளத் தூண்டும் என்பது அதன் பின் வந்த ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படுவது.

3. வாக்குமூலம்: நடந்ததை இன்னொருவர் முன் சொல்லில் வைப்பது. இது ஒரு செயல், உணர்வு அல்ல. காவல் நிலையத்தில் தருவது வாக்குமூலம். தேவாலயத்தில் குருவிடம் சொல்வதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல.

4. மனந்திரும்புதல்: செய்தது தவறு என்று உள்ளே ஏற்று, வேறு ஆளாவது.

நாலும் ஒரே வரிசையில் வரும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உறுத்தும், வருந்துவான், ஒப்புக்கொள்வான். தஸ்தயெவ்ஸ்கி இந்த வரிசையைக் கலைத்துப்போடுகிறார். அவருக்கு இது ஏட்டறிவு அல்ல. அரசுக்கு எதிரான வட்டத்தில் இருந்ததாக 1849இல் கைதாகி, சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கொலைகாரர்களோடு படுத்தெழுந்தவர். அந்த அனுபவத்தை வைத்து எழுதிய நூலில், இத்தனை ஆண்டுகளில் சக கைதிகளிடம் மனந்திரும்பியதற்கான அறிகுறி எதையும் காணவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். தண்டனை கிடைத்தால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையை அவர் ஓம்ஸ்கிலேயே விட்டுவிட்டு வந்தார்.

உடல் முந்திக்கொள்கிறது

கொலைக்கு மறுநாள் காலை. கால்சட்டையின் விளிம்பில் இரத்தம் காய்ந்த நூல்களை ரஸ்கோல்னிகோவ் வெட்டியெடுக்கிறான். காலுறையின் நுனி இரத்தத்தில் ஊறியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் காவல் அலுவலகத்திலிருந்து அழைப்பாணை வருகிறது. போட்டுக்கொள்ள வேறு காலுறை இல்லை. அதையே போடுகிறான், அருவருத்துக் கழற்றுகிறான், வேறு வழியில்லை என்று திரும்பவும் போடுகிறான், சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பில் வருத்தம் எங்கே இருக்கிறது?

அழைப்பாணை கொலைக்காக அல்ல, வீட்டுக்காரிக்குத் தர வேண்டிய கடனுக்காக என்பது அங்கே போனபின்தான் தெரிகிறது. தப்பித்தோம் என்று திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கேயே முதல் உந்துதல் வருகிறது: எழுந்து அதிகாரியிடம் போய் நேற்று நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அறைக்கு அழைத்துப்போய், கல்லுக்கு அடியில் புதைப்பதற்கு முன் சுவர்ப் பொந்தில் வைத்திருந்த நகைகளையும் காட்டிவிடலாம் என்று எழுந்தே விடுகிறான். பக்கத்தில் யாரோ கொலையைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது, மயங்கி விழுகிறான்.

கொலை நடந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. மனசாட்சி விழிப்பதற்கு முன்பே சொல்லிவிடும் ஆசை விழித்துவிட்டது. சில நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகும் இதே கதைதான். ஒரு மதுக்கடையில் காவல் அலுவலக எழுத்தர் ஸமியோதோவ் எதிரே உட்கார்ந்துகொண்டு, நானாக இருந்தால் நகைகளைக் கல்லுக்கு அடியில் ஒளித்திருப்பேன் என்று அளக்கிறான். பிறகு முகத்தை நெருக்கிக் கேட்கிறான்: கிழவியையும் லிஸவேதாவையும் கொன்றது நானாக இருந்தால்? ஸமியோதோவின் முகம் வெளுப்பதைப் பார்த்ததும் பேச்சை விளையாட்டாக மாற்றிவிடுகிறான்.

வெள்ளைக் கரடியும் அழைப்பு மணியும்

அதே மாலை அவன் கொலை நடந்த வீட்டுக்கே திரும்பப் போகிறான். புதிதாகச் சுவர்த்தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து கதவின் அழைப்பு மணியை இழுக்கிறான். அதே தகர ஓசை. இன்னொரு முறை, மூன்றாம் முறை. ஒவ்வொரு இழுப்பிலும் கொலை நேரத்து நடுக்கம் திரும்பி வருகிறது, அதில் ஒரு சுகமும் இருக்கிறது. ‘என்ன வேண்டும், யார் நீ?’ என்று வேலையாட்கள் கேட்டால், இரத்தத்தைக் கழுவிவிட்டீர்களா என்று பதிலுக்குக் கேட்கிறான்.

இதை மனசாட்சி என்று சொல்ல முடியாது. அடக்கிய நினைவின் வேலை என்று சொல்லலாம். இங்கே ஒரு சுவையான சங்கதி உண்டு. தஸ்தயெவ்ஸ்கி 1863இல் எழுதிய ஐரோப்பியப் பயணக் குறிப்புகளில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று முயன்று பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன கரடி நிமிடத்துக்கு நிமிடம் வந்து நிற்கும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் அந்த வரியையே சோதனையாக்கி 1987இல் வெளியிட்டார். பங்கேற்றவர்கள் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்க வேண்டும். நினைவு வந்தால் மேசையிலுள்ள மணியை அடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. முதலில் அடக்கியவர்கள், பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். சோதனைக் கூடத்திலும் மணி, நாவலிலும் மணி என்பது தற்செயல்தான். ஆனால் என்னால் அதைக் கவனிக்காமல் கடக்க முடியவில்லை.

இரகசியத்தைக் காப்பது என்றால் எந்நேரமும் அதைத் தேடிக்கொண்டே இருப்பது: வாயிலிருந்து வழுக்கிவிட்டதா, முகத்தில் தெரிகிறதா, காலுறையில் ஒட்டியிருக்கிறதா? மறைப்பவன்தான் அதிகம் நினைக்கிறான்.

இருபது கோபெக்

என் பார்வையில் நாவலின் திறவுகோல் கொலைக் காட்சியில் இல்லை. அதற்கு மறுநாள் நடக்கும் ஒரு சின்னச் சம்பவத்தில் இருக்கிறது. தன்னை மறந்து பாலத்தின் நடுவே நடக்கிறவனை ஒரு வண்டிக்காரன் சாட்டையால் விளாசுகிறான். இரக்கப்பட்ட ஒரு வணிகர் வீட்டுப் பெண் பிச்சைக்காரன் என்று எண்ணி, கிறிஸ்துவின் பெயரால் என்று சொல்லி, இருபது கோபெக் நாணயத்தைக் கையில் வைக்கிறாள். நெவா நதியைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்கிறான். பிறகு கைக்குள் நாணயம் இருப்பது உறைக்கிறது; வீசி எறிகிறான். அந்தக் கணத்தில் எல்லோரிடமிருந்தும் எல்லாவற்றிடமிருந்தும் தன்னைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பின் வரும் எல்லாத் துன்பமும் இந்த வெட்டிலிருந்து கசிவதுதான். ஊரிலிருந்து தாயும் தங்கையும் வருகிறார்கள். அணைக்கக் கை எழவில்லை. இன்னொரு நாள், நிதானமாகப் பேச நேரம் இருக்கிறது அம்மா என்று தாயைத் தேற்றுகிறான். சொன்ன மறுநொடியே அது பச்சைப் பொய் என்று நெஞ்சு உறைகிறது. இனி யாரோடும் எதைப் பற்றியும் பேச முடியாது. எந்தப் பேச்சும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. நாவலைத் திட்டமிட்டபோது 1865 செப்டம்பரில் பத்திரிகை ஆசிரியர் கத்கோவுக்குத் தஸ்தயெவ்ஸ்கி எழுதிய கடிதத்தில், கதையை ஒரு குற்றத்தின் உளவியல் அறிக்கை என்று விவரிக்கிறார். கொலை செய்த உடனேயே மனித குலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட உணர்வு கொலையாளியை வதைத்தது, சிறையில் அழிந்தாலும் சரி, மறுபடி மனிதரோடு சேர வேண்டும் என்பதற்காகவே தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் நிலைக்கு வந்தான் என்கிறார். உறுத்தல் பின்னால் வரலாம். முன்னால் வருவது தனிமை.

இப்போது வகைப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு விஷயம் தெளிவாகும். ரஸ்கோல்னிகோவின் வாயில் அதிகம் வருவது குற்றவுணர்வின் மொழி அல்ல, அவமானத்தின் மொழி. நெப்போலியன் இப்படிக் கிழவியின் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்திருப்பானா, நானும் ஒரு பேன்தான் என்று தன்னையே குதறுகிறான். அவமானம் அவனை ஒளியச் சொல்கிறது. தனிமை அவனை வெளியே இழுக்கிறது. அவன் பாதி சொல்லிப் பாதி விழுங்குவதெல்லாம் இந்த இழுபறிதான்.

போர்ஃபிரிக்கு ஏன் அவன் வாயிலிருந்தே வர வேண்டும்?

விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்சுக்கு இவன்தான் என்று தெரியும். பிறகு ஏன் கைது செய்யவில்லை? இதற்குச் சட்டப் பின்னணி தேவை.

1. பழைய ரஷ்ய நடைமுறையில் சாட்சியங்களுக்குச் சட்டமே எடை நிர்ணயித்திருந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த வாக்குமூலத்துக்கே முதலிடம். அது இல்லாமல் தண்டிப்பது கடினம். ‘சந்தேகத்தில் விடுதல்’ என்ற திரிசங்கு நிலைகூட இருந்தது.

2. 1864இல் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் நீதித்துறையைச் சீர்திருத்தினார். ஜூரி விசாரணை வந்தது, எடைப் பட்டியல் ஒழிந்தது. ஆனால் பீட்டர்ஸ்பர்க்கில் புதிய நீதிமன்றங்கள் திறக்கப்பட்டது 1866 ஏப்ரலில், இந்த நாவல் தொடராக வந்துகொண்டிருந்த நேரத்தில். கதை நடப்பது அதற்கு முன். சீர்திருத்தம் வருகிறது, எங்கள் பதவிப் பெயராவது மாறும் என்று போர்ஃபிரியே கேலி செய்கிறார்.

3. கையில் பொருள் ஆதாரம் எதுவும் இல்லை. உளவியல் இரண்டு முனையுள்ள கோல் என்பது அவருக்கே தெரியும். இந்தப் பக்கமும் அடிக்கும், அந்தப் பக்கமும் அடிக்கும்.

ஆகவே அவர் அவனை வெளியே விட்டுவைக்கிறார். விளக்கைச் சுற்றும் விட்டில்போல் அவனே சுற்றிச் சுற்றி வந்து விழுவான் என்று அவனிடமே சொல்கிறார். பிடித்து அடைத்துவிட்டால் அவனுக்கு ஒரு நிலை கிடைத்துவிடும், மனம் அமைதியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கடைசிச் சந்திப்பில் கொன்றது நீங்கள்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தாமாக வந்தால் தண்டனை குறையும் என்று பேரம் பேசுகிறார். புறப்படும்போது ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: தற்கொலை செய்துகொள்ளத் தோன்றினால் இரண்டு வரி எழுதி வைத்துவிடுங்கள், அந்தக் கல்லைப் பற்றியும் குறிப்பிடுங்கள். இவ்வளவு கனிவாகவும் இவ்வளவு குரூரமாகவும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக்கூடிய அதிகாரியை வேறெங்கும் நான் படித்ததில்லை.

செய்யாதவனின் வாக்குமூலம்

வாக்குமூலம் வேறு, குற்றம் வேறு என்பதை நாவல் இன்னொரு பாத்திரத்தால் நிறுவுகிறது. கொலை நடந்த கட்டடத்தின் கீழ்த்தளம் ஒன்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மிகோல்கா. தப்பி ஓடும்போது ரஸ்கோல்னிகோவ் தவறவிட்ட காதணிப் பெட்டியைக் கண்டெடுத்துக் குடிக்க அடகு வைத்தவன். கொலைச் செய்தி கேட்டதும் பயந்து தூக்குப்போட முயன்றவன். போர்ஃபிரி ரஸ்கோல்னிகோவை நெருக்கிக்கொண்டிருக்கும் சரியான தருணத்தில் இவன் உள்ளே பாய்ந்து, மண்டியிட்டு, கொன்றது நான்தான் என்கிறான்.

போர்ஃபிரி எரிச்சலோடு கத்துகிறார்: தன் சொந்த வார்த்தையைப் பேசவில்லையே இவன்! காரணத்தைப் பிறகு விளக்குகிறார். பையன் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன மரபினரின் வழியில் வந்தவன். துன்பத்தை ஏற்றுக்கொள்வதே அவனுக்குப் புண்ணியம். தற்காலத்தில் சால் காசின், லாரன்ஸ் ரைட்ஸ்மன் ஆகியோர் 1985இல் பொய் வாக்குமூலங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: யாரும் வற்புறுத்தாமல் தாமாக வருவது, நெருக்கடியிலிருந்து தப்பிக்கத் தருவது, விசாரணையில் குழம்பித் தானே செய்ததாக நம்பிவிடுவது. மிகோல்கா முதல் வகைக்குப் பாடநூல் உதாரணம்.

கொல்லாத இவனிடம் குற்றவுணர்வு வழிகிறது. கொன்றவனிடம் அது ஊறக்கூட இல்லை. பெயரிலும் ஒரு திருகல்: ‘ரஸ்கோல்’ என்றால் பிளவு, அந்தப் பிரிந்துபோன மரபினருக்கே உரிய சொல். அதைப் பெயரில் சுமப்பவன் கொலைகாரன். இரத்தத்தில் சுமப்பவன் பெயின்டர்.

லிஸவேதா என்ற பெயர்

அப்படியானால் ரஸ்கோல்னிகோவிடம் குற்றவுணர்வே இல்லையா? இருக்கிறது, ஆனால் அவன் பார்க்காத பக்கத்தில்.

அவனுடைய கோட்பாடு கிழவியை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தது. லிஸவேதாவுக்கு அதில் இடமில்லை. அவனுடைய சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் அவள். கோடாரி ஓங்கியபோது முகத்தை மறைக்கக்கூடக் கையைச் சரியாக உயர்த்தத் தெரியாதவள். ஏன் அவளை நினைப்பதே இல்லை, நான் கொல்லவே இல்லை என்பதுபோல் இருக்கிறதே என்று ஓரிடத்தில் அவனே வியக்கிறான். கிழவியைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறான். லிஸவேதாவைப் பற்றி வாதமே இல்லை. வாதாட முடியாத இடத்தில்தான் காயம் இருக்கும்.

சோனியாவிடம் உண்மையைச் சொல்லும் காட்சியில் இது வெளிப்படுகிறது. குடும்பத்துக்காக உடலை விற்கும் பெண் சோனியா, லிஸவேதாவின் தோழி. லிஸவேதாவைக் கொன்றது யார் என்று சொல்வேன் என்று ஆரம்பித்தவனால் ‘நான்’ என்ற சொல்லை உச்சரிக்க முடியவில்லை. ஊகித்துப் பார் என்கிறான். அவள் புரிந்துகொண்டு கையை முன்னே நீட்டிப் பின்வாங்கும்போது, அந்த முகத்தில் அவன் காண்பது லிஸவேதாவின் கடைசி முகத்தை. சோனியா அவனைக் கட்டிக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி, உங்களுக்கு நீங்களே என்ன செய்துகொண்டீர்கள் என்பது. அதன் பிறகு அவன் காரணங்களாக அடுக்குகிறான்: வறுமை, தாய்க்கு உதவி, நெப்போலியன், துணிவைச் சோதித்தல். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, அது இல்லை என்று தானே தள்ளுகிறான். ஒப்புக்கொள்பவன் உண்மையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவதில்லை. சொல்லிப் பார்த்துத்தான் தேடுகிறான்.

நாற்சந்தியும் அதற்குப் பிறகும்

சோனியா அவனைக் காவல் நிலையத்துக்கு முதலில் அனுப்பவில்லை, குருவிடமும் அனுப்பவில்லை. நாற்சந்தியில் நின்று, நீ மாசுபடுத்திய மண்ணை முத்தமிட்டு, நான்கு திசைக்கும் வணங்கி, கொன்றேன் என்று உரக்கச் சொல் என்கிறாள். வெட்டிக்கொண்டதை ஒட்டுவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது. சென்னயா சதுக்கத்தில் அவன் மண்டியிட்டு மண்ணை முத்தமிடவும் செய்கிறான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், குடிகாரன் என்கிறான் ஒருவன், ஜெருசலேத்துக்குப் புறப்பட்டுவிட்டான் என்கிறான் இன்னொருவன். நாக்கு நுனிவரை வந்த சொல் திரும்பிப் போய்விடுகிறது.

காவல் அலுவலகத்தில் அதிகாரி அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். ரஸ்கோல்னிகோவ் ஒன்றும் சொல்லாமல் வெளியேறிவிடுகிறான். முற்றத்தில் சோனியா வெளிறிய முகத்தோடு நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி மேலே ஏறிப் போய், அடகுக் கிழவியையும் அவள் தங்கை லிஸவேதாவையும் கோடாரியால் கொன்று திருடியது நான் என்கிறான். தங்கையின் பெயரும் இப்போது அவன் வாயில் வந்துவிட்டது. சட்டத்துக்குத் தேவையானது முடிந்தது. தாமாக வந்ததும், திருடியதைத் தொடாததும் கணக்கில் கொள்ளப்பட்டு எட்டு ஆண்டுக் கடுங்காவல்.

இதற்குப் பின் வரும் சைபீரியப் பின்னுரையை ஒட்டுவேலை என்று குறை சொல்லும் விமர்சகர்கள் பலர். ஆற்றங்கரையில் அவன் சோனியாவின் காலில் விழுந்து அழும் காட்சி அவர்களுக்குத் திடீர்த் திருப்பம். அந்தக் குறையில் பாதி நியாயம் உண்டு. காட்சி வேகமாக முடிகிறது. மீதிப் பாதியில் அவர்கள் கவனிக்கத் தவறுவது இடைவெளியை. வாக்குமூலத்துக்கும் அந்த அழுகைக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அந்தக் காலமெல்லாம் அவன் வீம்பாகவும் நோயாளியாகவும் இருக்கிறான். சக கைதிகள் அவனை வெறுக்கிறார்கள். பார்க்க வரும் சோனியாவிடம் எரிந்து விழுகிறான். ஒப்புக்கொண்டதால் மட்டும் அவன் மனிதரோடு சேர்ந்துவிடவில்லை.

அழுது திரும்பிய அன்றிரவும் அவன் தலையணைக்கு அடியில் ஒரு புதிய ஏற்பாடு இருக்கிறது. சோனியா கொடுத்தது. முன்பு பீட்டர்ஸ்பர்க்கில் லாசரு உயிர்த்த கதையை அவள் அவனுக்கு வாசித்தது இந்தப் பிரதியிலிருந்துதான். அவளுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் லிஸவேதா. அவன் அதைக் கையில் எடுக்கிறான். அதுவரை திறந்ததில்லை. அன்றும் திறக்கவில்லை.